எப்ப கத்துது சார்?

பானெட்டுக்கு அடியில் ‘கிறீச்’ சத்தமா? பெல்ட்டை மாற்றும் முன் ஒரு நிமிடம்!

போன ஐப்பசி மழையில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கே அலாரம் என் கார்தான். காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் ‘கிறீ...ச்’ என்று ஓர் அலறல். கேட்டருகே கோலம் போடுகிறவர் முதல் மூன்றாவது மாடி பால்கனியில் காபி டம்ளரோடு நிற்கிறவர் வரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பத்து விநாடி கத்திவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வண்டி அடங்கிவிடும்.

முதலில் போன இடத்தில் பானெட்டைத் தூக்கிப் பார்த்த உடனே தீர்ப்புச் சொன்னார்கள்: “ஃபேன் பெல்ட் போயிடுச்சு சார்.” புது பெல்ட் போட்டார்கள். நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு மறுபடி அலாரம். திரும்பப் போனேன். பெல்ட் மேல் ஏதோ ஸ்ப்ரே அடித்து அனுப்பினார்கள். அது ஒரு வாரம் தாங்கியது.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி, தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்ன மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். அம்பாசடர் காலத்திலிருந்து தொழிலில் இருக்கும் பெரியவர். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “எப்ப கத்துது சார்?”

“முன்னாடிதாண்ணே, வலது பக்கமா...”

“எங்கேன்னு நான் பாத்துக்கறேன். எப்பன்னு நீங்கதான் சொல்லணும்.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியிலிருந்து நான் கற்றுக்கொண்டது.

ஒரே பெல்ட், நாலு வேலை

அம்பாசடரில் ஆப்பு வடிவ பெல்ட் ஒன்று ரேடியேட்டர் விசிறியையும் டைனமோவையும் சுற்றியது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள்; அரை அங்குலம் தாழ்ந்தால் சரி. தொளதொளவென்று இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவைக் கடப்பாரையால் நெம்பி இறுக்குவார்கள். அந்த ஆப்பு வடிவ பெல்ட்டை, அதற்கு முன் புழக்கத்தில் இருந்த கயிற்றுக்குப் பதிலாக, 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் உருவாக்கியவர் ஜான் கேட்ஸ். நமக்கும் இது அந்நியச் சரக்கு இல்லை. மதுரை கோச்சடையில் ஜே.கே. ஃபென்னர் ஆலை இந்த பெல்ட்டுகளைத்தான் செய்கிறது.

இன்றைய கார்களில் விசிறிக்குத் தனி மோட்டார் வந்துவிட்டது. ‘ஃபேன் பெல்ட்’ என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. இப்போது இருப்பது நீளவாக்கில் வரிகள் ஓடும் தட்டையான பெல்ட். 1979-ஆம் வருட ஃபோர்டு மஸ்டாங்கில் வந்து பரவியது. கிராங்க் புல்லியில் கிளம்பி ஆல்டர்நேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல கார்களில் வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அதன் பம்ப் என்று பாம்புபோல வளைந்து சுற்றிவருகிறது. வழி மாற்றிவிட ஐட்லர் புல்லி, விறைப்பு குறையாமல் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங் வைத்த டென்ஷனர்.

இந்தக் கூட்டத்தில் யாருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் கத்துவது பெல்ட்தான். அதனால்தான் பெல்ட்டை மட்டும் மாற்றி ஏமாந்துபோகிறோம்.

கிறீச், கீச், உர்ர்

எங்கள் ஊர்க் கிணற்றில் இரும்புக் கப்பி இருந்தது. அது முனகினால் பாட்டி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார். “அச்சுல மட்டும் ஊத்துடா, கயித்துல பட்டா கை வழுக்கும்” என்பார். சுற்றும் அச்சின் சத்தம் வேறு, உரசும் கயிற்றின் சத்தம் வேறு என்பதை அவர் தனியாகப் பாடம் எடுக்கவில்லை. காரிலும் அதே கணக்கு.

நீளமாக இழுக்கும் ‘கிறீ...ச்’ என்பது வழுக்கல். புல்லி கேட்கும் வேகத்துக்கு பெல்ட்டால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து என்று ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நடக்கும்போது ரப்பர் அதிர்ந்து கத்துகிறது. வயலின் தந்தி மேல் வில் செய்வதும் இதே வேலைதான். அங்கே சங்கீதம், இங்கே சங்கடம். இறுக்கம் குறைவு, தேய்ந்த பெல்ட், எண்ணெயோ கூலண்டோ பட்ட பெல்ட் ஆகியவை வழக்கமான காரணங்கள்.

குருவிபோல விட்டுவிட்டு, தாளம் தப்பாமல் வரும் ‘கீச் கீச்’ என்பது கோணல். ஏதோ ஒரு புல்லி மற்றவற்றோடு ஒரே நேர்கோட்டில் இல்லை. பெல்ட்டின் வரிகள் புல்லியின் காடியில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே இறங்குகின்றன. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தாளம் வேகமாகும்.

‘உர்ர்ர்’ என்ற உறுமலோ, காய்ந்த ‘விர்ர்’ ஓசையோ பேரிங் சமாச்சாரம். அச்சின் சத்தம். ஆனால் பாட்டியின் கிண்ணத்துக்கு இங்கே வேலை இல்லை. இன்றைய புல்லிகளில் இருப்பவை மூடி சீல் வைத்த பேரிங்குகள். உள்ளே கிரீஸ் தீர்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

எப்போது என்று கேட்டால்...

பெரியவர் என்னைக் கேட்ட கேள்விகளைப் பட்டியலாகவே தருகிறேன். ஷெட்டுக்குப் போகும் முன் நீங்களே பதில் குறித்துக்கொண்டு போகலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கத்தி, பிறகு அடங்குகிறதா? ராத்திரி ஈரம் ஒரு காரணம். இன்னொன்று பேட்டரி. ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட்டைத் திருப்பிக் கொடுக்க, முதல் சில நிமிடங்கள் ஆல்டர்நேட்டர் கடுமையாக உழைக்கிறது. கூட்டத்திலேயே சின்ன புல்லி அதனுடையது. கிராங்க்கைப்போல ஏறக்குறைய இரண்டரை, மூன்று மடங்கு வேகத்தில் சுற்றும். எஞ்சின் 800 சுற்றில் ஐட்லிங்கில் இருந்தால் ஆல்டர்நேட்டர் 2,000-த்தைத் தாண்டியிருக்கும். சின்ன புல்லியில் பெல்ட் படும் பரப்பும் குறைவு. வழுக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். பேட்டரி கிழடாகிவிட்டால் பாரம் இன்னும் கூடும்.

ஏசி போட்டதும் கத்துகிறதா? பாரம் ஏறினால் வழுக்குகிறது என்று அர்த்தம்; இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். ஏசி போட்டபின் சத்தம் கரகரவென்று நீடித்தால் கம்ப்ரஸரின் உள்ளேயே கோளாறு இருக்கலாம். நேர்மாறாக, ஏசியை நிறுத்தினால் சத்தம், போட்டால் அமைதி என்றால், கிளட்ச் உள்ள கம்ப்ரஸரில் அந்த கிளட்ச் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.  

ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது கத்துகிறதா? ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் அந்த பம்ப்பின் பாரம். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் உள்ள கார் என்றால் பெல்ட்டை விட்டுவிட்டு வேறு பக்கம் தேடுங்கள்.

எஞ்சின் சூடான பிறகும், பாரமே இல்லாதபோதும், ஓயாமல் கேட்கிறதா? அப்போது புல்லிகளின் பேரிங்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

காலையில் கத்துகிறது, சிக்னலில் நிற்கும்போது ஏசி போட்டாலும் கத்துகிறது என்றேன். பெரியவர் தலையாட்டிக்கொண்டே எழுந்து, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்.

தண்ணீர்ப் பரீட்சை

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சத்தமும் கேட்டுக்கொண்டிருக்க, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்கள். ஆல்டர்நேட்டர் மேலும் வயர்கள் மேலும் படக்கூடாது. சத்தம் சட்டென்று நின்று, சில விநாடியில் திரும்பி வந்தால் கோணல்: உரசுகிற இடத்தைத் தண்ணீர் கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டது. சத்தம் உடனே கூடினால் வழுக்கல்: ஏற்கெனவே பிடி இல்லாத பெல்ட்டை ஈரம் இன்னும் வழுக்கவைக்கிறது. எந்த மாற்றமும் இல்லையா? பேரிங்கைப் பார்க்கலாம்.

என் கார் தண்ணீர் பட்டதும் தெருவே கேட்கும்படி கத்தியது.

“டென்ஷனரைப் பாருங்க” என்று டார்ச் அடித்துக் காட்டினார். ஐட்லிங்கில் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டிய கை, தூளியாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. புது பெல்ட் கொஞ்ச நாள் இறுக்கமாக இருந்து மறைத்திருக்கிறது. பழகித் தளர்ந்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

பேரிங் சந்தேகம் என்றால் வேறு வழி. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்நேட்டர் உடம்பிலோ வாட்டர் பம்ப் உடம்பிலோ வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். சுற்றாத பாகத்தில்தான் வைக்க வேண்டும். அதைவிடத் தெளிவானது, எஞ்சினை நிறுத்தி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்பது. சொரசொரப்போ ஆட்டமோ இருந்தால் பிடிபட்டது ஆள். கழற்றிய நிலையில் சில விநாடி மட்டும் ஸ்டார்ட் செய்தும் பார்ப்பார்கள். சத்தம் அப்போதும் கேட்டால் அது எஞ்சினுக்குள்ளிருந்து வருகிறது. வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில் ஓடும் வண்டியை இப்படி அதிக நேரம் ஓட்டக்கூடாது.

இவற்றை வீட்டில் முயல்வோருக்கு ஓர் எச்சரிக்கை. துப்பட்டா, புடவைத் தலைப்பு, வேட்டி நுனி, தொங்கும் செயின், அவிழ்ந்த கூந்தல் எதுவும் ஓடும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாக ஓடும். கேட்பதும் குறித்துக்கொள்வதும் உங்கள் வேலை. கை வைப்பது தெரிந்தவர் வேலை.

சோப்பும் ஸ்ப்ரேயும்

சோப்பு தேய்ப்பது, மெழுகு தடவுவது, பெல்ட் ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துகிற வேலை. ஒட்டும் பசையில் தூசி சேர்ந்து புல்லிக் காடியை நிரப்பும். பெல்ட் மேலே மிதக்கும். எண்ணெய் கசிந்து பெல்ட் கெட்டிருந்தால், கசிவை அடைத்து, புல்லிகளைத் துடைத்த பிறகே புது பெல்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் பழைய பாட்டையே பாடும்.

‘விரிசல் இல்லையே, பெல்ட் நல்லாத்தானே இருக்கு’ என்பதும் பழைய கணக்கு. முன்பிருந்த நியோப்ரீன் பெல்ட்டுகள் வயதானால் வெடிக்கும். இப்போதைய இபிடிஎம் ரப்பர் அப்படி எளிதில் வெடிக்காது. டயர்போல மெல்லமெல்லத் தேயும். வரிகளுக்கு இடையிலான பள்ளம் அகலமாகி, பக்கவாட்டில் கவ்வும் பிடி போய்விடும்.

வாங்கும்போது முதுகில் உள்ள எண்ணைப் பாருங்கள். ‘6பிகே1200’ என்றிருந்தால் ஆறு வரிகள், 1,200 மில்லிமீட்டர் நீளம். நடுவில் இருப்பது வரியின் வகை. ‘கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பரவால்ல’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டும்போது பேட்டரி விளக்கு திடீரென எரிந்து, ஏசி காற்றும் சூடானால், பெல்ட் அறுந்திருக்கலாம். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். வாட்டர் பம்ப்பும் நின்றிருந்தால், ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டுகிற தூரத்துக்குள் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

என் காருக்கு டென்ஷனர் புதிதாக வந்தது. வழுக்கி வழுக்கிப் பளபளத்து, ஸ்ப்ரே பசையும் ஏறிப்போன அந்த ஒரு மாத பெல்ட்டும் குப்பைக்குப் போனது. அதன் இடத்தில் வந்தது அந்த மழைக்காலத்தில் நான் வாங்கிய இரண்டாவது பெல்ட்.

பணத்தைக் கொடுக்கும்போது, “இனிமே கத்தாதுல்லண்ணே?” என்றேன்.

“கத்தினா நல்லது சார். சில பேரிங் கத்தாமலே பிடிச்சுக்கும். அப்ப பெல்ட்டும் சேர்ந்து போயிடும்.”

இரண்டு வாரம் கழித்து லிஃப்டில் மூன்றாவது மாடிக்காரரைப் பார்த்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “என்ன சார், காரை வித்துட்டீங்களா?”