பதினொன்றுக்கு ஒன்று

1970-இல் செவ்ரோலே தன் கார்வெட் காருக்கு எல்டி-1 என்றோர் இன்ஜினைக் கொடுத்தது. 350 கன அங்குலம், கம்ப்ரஷன் விகிதம் 11-க்கு 1, விளம்பரத்தில் 370 குதிரைத்திறன். 2014-இல் அதே கார்வெட்டுக்கு எல்டி1 என்ற பெயரில் ஓர் இன்ஜின் வந்தது. 376 கன அங்குலம், கம்ப்ரஷன் 11.5, திறன் 455. இரண்டும் ஒரே வம்சம்தான். வி வடிவில் எட்டு சிலிண்டர்கள், நடுவே ஒற்றைக் கேம்ஷாஃப்ட், அங்கிருந்து வால்வுகளுக்கு ஏறும் புஷ்ராடுகள். பழையது ஈயம் கலந்த, ஏறத்தாழ 100 ஆர்.ஓ.என். (ஆக்டேன் எண்) பெட்ரோலைக் கேட்டது, புதியது சாதாரணப் பங்கில் கிடைக்கும் ஈயமற்ற பிரீமியத்தில் ஓடுகிறது. பழையது சிக்னலில் நிற்கும்போது காரையே உலுக்கும். புதியது ஓடுவது வெளியே தெரியாது. 370 என்ற எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். சைலன்சரும் ஏர் ஃபில்டரும் இல்லாமல், இன்ஜினை மேடையில் தனியே வைத்து அளந்த காலம் அது.

அறுபதுகளில் அமெரிக்க இளைஞன் ஒருவன் தெருவில் ஓட்டும் காருக்கு இன்ஜின் கட்ட உட்கார்ந்தால், முதலில் கம்ப்ரஷனை உயர்த்துவான். பெட்ரோல் தாங்கும் என்ற தைரியம் இருந்தது. பிறகு கேம் வாங்குவான். ‘முக்கால் ரேஸ்’, ‘முழு ரேஸ்’ என்று பெயர் சொல்லி விற்ற காலம். வால்வு எவ்வளவு உயரம் திறக்கும், எத்தனை டிகிரி திறந்திருக்கும் என்ற எண்களை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் வசதிப்படி அளந்து சொன்னார். ஒருவரின் 280 டிகிரி இன்னொருவரின் 280 டிகிரி அல்ல. 0.050 அங்குலம் உயர்ந்த இடத்திலிருந்து அளப்பது என்ற பொது வழக்கம் பின்னால்தான் நிலைத்தது.

ஆனால் கையளவில் அவர்கள் துல்லியமானவர்கள். சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளைப் பொருத்தி, விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடிபோன்ற தகடு ஒன்றை ஒட்டுவார்கள். அந்தத் துளை வழியே ப்யூரெட்டிலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குழிவின் கொள்ளளவைக் காண்பார்கள். 64 சி.சி.யா, 76 சி.சி.யா? 350 இன்ஜினில் இந்தப் பன்னிரண்டு சி.சி. கம்ப்ரஷனில் ஏறக்குறைய ஒரு முழு எண்ணை நகர்த்திவிடும். பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, ஹெட்டைக் கழற்றி, வால்வு பதிந்த தடத்தை வெட்டிப் பார்த்து இடைவெளி அளப்பதும் உண்டு. இந்த இரண்டு வேலைகளும் இன்றும் மாறவில்லை.

1971 மாடலில் நிலைமை தலைகீழானது. புகையைச் சுத்திகரிக்க வரப்போகும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ஈயம் கெடுத்துவிடும் என்பதால், ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் எட் கோல் எல்லா இன்ஜின்களையும் 91 ஆர்.ஓ.என். பெட்ரோலுக்கு இறக்கினார். எல்டி-1 இன் 11 ஒரே வருடத்தில் 9 ஆனது. 370 என்பது 330 ஆனது. அடுத்த வருடம் அளக்கும் முறையும் மாறியதால் அதே இன்ஜின் 255 என்று அச்சேறியது. அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் 1996 ஜனவரி 1 முதல் முழுவதும் தடைசெய்யப்பட்டது. அந்த நாட்டு மக்களின் இரத்தத்தில் 1976–80 ஆய்வில் டெசிலிட்டருக்குச் சராசரி 12.8 மைக்ரோகிராம் இருந்த ஈயம், 1988–91 ஆய்வில் 2.8 ஆகியிருந்தது. இழந்த குதிரைத்திறனை இதன் பக்கத்தில் வைத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பட்டறைகளில் நடந்த கூத்து வேறு. பெட்ரோல் மாறியது, ஆசை மாறவில்லை. எட்டரைக் கம்ப்ரஷன் உள்ள எழுபதுகளின் இன்ஜினில் அறுபதுகளின் பெரிய கேமைப் பூட்டினார்கள். சத்தம் பிரமாதம், கிளட்சை விட்டால் வண்டி நகர மறுக்கும். காரணம் எளிய கணக்கு. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். அது மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தம் தொடங்கும். 350 இன்ஜினின் ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், கனெக்டிங் ராட் 5.7 அங்குலம். காகிதத்தில் 10 உள்ள கம்ப்ரஷன், வால்வு அடிமட்டம் தாண்டி 55 டிகிரியில் மூடினால் நடைமுறையில் சுமார் 8.5, 65 டிகிரியில் மூடினால் 8, 75 என்றால் 7.3. எட்டரையில் தொடங்கியவனுக்கு அந்த 75 டிகிரி கேம் மிச்சம் வைப்பது ஆறேகால்தான். கம்ப்ரஷனும் கேமும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள் என்பது பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். தெருவுக்கு அதைப் புரியவைத்தது மட்டமான பெட்ரோல். நல்ல பெட்ரோல் இருந்தவரை அது தப்பையெல்லாம் மூடி மறைத்தது.

இன்று இந்தக் கணக்கைக் கைபேசி நொடியில் போட்டுத் தருகிறது. கேம் விற்பவர் முதலில் கேட்பது காரின் எடை, பல்சக்கர விகிதம், எந்த ஊர்ப் பெட்ரோல் என்பவற்றைத்தான். கலிஃபோர்னியாவில் பிரீமியம் 91, பல மாநிலங்களில் 93. அங்கே பங்கில் ஒட்டியிருக்கும் எண் இரண்டு அளவைகளின் சராசரி. நம் ஊர்ப் பங்கில் முன்பு கிடைத்த 91 ஆர்.ஓ.என். அங்கே 87-ஐ ஒட்டித்தான் நிற்கும். இன்டேக் வால்வைச் சற்றுத் தாமதமாக மூடும் கேமைத் தேர்ந்து, அலுமினிய ஹெட் போட்டு, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளியை இறுக்கினால், பத்தரைக் கம்ப்ரஷன் பிரீமியத்தில் நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டுவது) இல்லாமல் ஓடும். பழைய தட்டை லிஃப்டர் (கேமின் மேட்டில் ஏறி இறங்கும் பாகம்) கொண்ட கேமை முதல் இருபது நிமிடம் 2000 சுற்றில் பதைபதைப்போடு ஓட்டிப் பழக்க வேண்டும். அதில் மேடு தேய்ந்து போன கேம்கள் எத்தனையோ. உருளை லிஃப்டர் வந்தபின் அந்தக் கவலை போயிற்று. 2014-இன் எல்டி1 இன்னும் மேலே போகிறது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சிக் காற்றைக் குளிரவைக்கிறது. ஓடும்போதே கேமை முன்னும் பின்னும் திருப்பிக்கொள்கிறது. நாக்கிங்கைச் சென்சார் கேட்டு, மனிதக் காதுக்கு எட்டுமுன் ஸ்பார்க் அடிக்கும் டைமிங்கைக் குறைத்துவிடுகிறது.

அந்த வேலை முன்பு காதுக்கும் கண்ணுக்கும் உரியது. ஏற்றத்தில் மிதிக்கும்போது எழும் கடகடப்பைக் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி இரண்டு டிகிரி பின்னால் இழுத்தவர்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள்போல் அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தவர்கள், தங்கள் தேர்வு சரியா தப்பா என்பதை உடம்பால் அறிந்தார்கள். இன்று தேர்வு தப்பானாலும் கணினி சத்தமில்லாமல் டைமிங்கைக் குறைத்துச் சமாளிக்கும். இருபது குதிரை குறைந்தது உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது.

பழைய கேம் வாங்கியவன் குலுக்கலைச் சகித்தது, மேலே 6000 சுற்றில் கிடைத்த வேகத்துக்காக. இன்று ‘கோஸ்ட் கேம்’ என்றொரு ட்யூனிங் விற்பனையாகிறது. எந்தப் பாகமும் மாறாது. நிற்கும்போது மட்டும் டைமிங்கை ஏற்றியிறக்கி, ஒழுங்காக ஓடும் இன்ஜினைப் பெரிய கேம் போட்டதுபோலத் தள்ளாடவைக்கும். ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. அதையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.