மடிக்கணினித் திரையும் மூன்று சுழி ணகரமும்

சில திங்களுக்கு முன் நமது இதழில் ஒரு பிழை நேர்ந்தது. அன்பர் ஒருவர் இல்லத்துத் திருமண அறிவிப்பில் 'திருமணம்' என்பது 'திருமனம்' என அச்சேறிவிட்டது. மணமகளின் பாட்டனார் தொலைபேசியில் அழைத்து, "மனம் எங்களிடம் நிறைய இருக்கிறது ஐயா, மணத்தைத்தான் காணோம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதால் பிழைத்தோம். மெய்ப்புப் பார்த்தவர் நாமே. மூக்குக்கண்ணாடியின்மேல் பழியைப் போட்டுக் கண் மருத்துவரிடம் சென்றோம். அவரோ கண்ணில் மாற்றம் ஏதுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பின்னரே மடிக்கணினியின் திரையை ஐயுற்றோம்.

நடந்தது இதுதான். பூஜாக் காலத் தள்ளுபடியில் சாந்தினி சௌக்கில் 15.6 அங்குலத் திரையுள்ள கணினி ஒன்று வாங்கினோம். ரெசல்யூஷன் 1920க்கு 1080. கடைக்காரர் வழக்கில் 'புல் எச்.டி.' வீட்டுக்கு வந்து திறந்தால் எழுத்துகள் எறும்புகளாகத் தெரிந்தன. பேரன் உதவிக்கு வந்து ரெசல்யூஷனை 1366க்கு 768 ஆகக் குறைத்தான். எழுத்து பெரிதாயிற்று, நாமும் அவனை மெச்சினோம். பிழை அங்கேதான் பிறந்தது.

இக்காலத் திரைகளில் ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கை உற்பத்தியின்போதே நிலைத்துவிடுகிறது. 1920 புள்ளிகள் உள்ள வரிசையில் 1366 புள்ளிகளுக்குரிய படத்தைப் பரப்பினால் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்தாது. ஒரு புள்ளியின் நிறத்தை அண்டைப் புள்ளிகளும் பங்கிட்டுக்கொள்ளும். விளிம்புகள் மங்கும். ஆங்கில எழுத்துக்கு இது அவ்வளவாகத் தெரியாது. நம் எழுத்துக்கோ சுழியே உயிர். ணகரத்தின் மூன்று சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் மங்கினால் ஒன்றாகும். கி, கீ இரண்டுக்குமுள்ள வேறுபாடு ஒரு சிறு வளைவே. மெய்யின் புள்ளியோ தூசியாய் மறையும். தமிழைப் புதிதாய்க் கற்கும் நம் வங்கத்துப் பிள்ளைகளுக்கு இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. பெரியவர்கள் சொல்லை ஊகித்துக்கொள்வர். குழந்தை எழுத்தைத்தானே நம்பும்?

செய்திருக்க வேண்டியது வேறு. ரெசல்யூஷனை அதன் இயல்பான முழு அளவிலேயே விட்டு, விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 'ஸ்கேல்' என்பதை மட்டும் 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்த வேண்டும். அப்போது அதே எழுத்து கூடுதல் புள்ளிகளைக் கொண்டு வரையப்படும். பெரிதாகவும் இருக்கும், கூர்மையாகவும் இருக்கும். நாம் இப்பொழுது வைத்திருப்பது 150.

அங்ஙனமாயின் வாங்கும்போது எத்தனை புள்ளிகள் வேண்டும்? கூர்மையான கண் ஏறத்தாழ ஒரு கலை அளவு கோணம் வரை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை, பிரித்தறியும். இரண்டடித் தொலைவில் அது சுமார் 0.18 மில்லிமீட்டர். 15.6 அங்குலத்தில் 1366க்கு 768 திரையின் புள்ளி 0.25 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தட்டுப்படும். 1920க்கு 1080 திரையில் 0.18, எல்லையைச் சரியாகத் தொடுகிறது. 3840க்கு 2160 கொண்ட '4கே' திரையில் 0.09, அத்தொலைவில் அந்த நுட்பத்தில் பெரும்பகுதியைக் கண் பயன்படுத்திக்கொள்ளாது, மின்கலமோ விரைவில் தீரும். படத்தொழில் செய்வோர்க்கு அது வேண்டியிருக்கலாம். ஏனைய இல்லங்களுக்கு 1920க்கு 1080 போதும். 14 அங்குலத்தில் 1920க்கு 1200 கிடைத்தால் பக்கத்தின் நீளம் சற்றுக் கூடும், படிப்போர்க்கு நன்று. பழைய 'எச்.டி.' திரை மலிவாகக் கிடைத்தாலும் தமிழ் படிக்கும் வீட்டுக்கு வேண்டாம் என்பதே நமது கருத்து.

பழைய நூல்களைத் திரையில் படிப்போர் ஒன்றை நினைவில் கொள்க. அலிப்பூர் தேசிய நூலகத்தில் வையாபுரிப் பிள்ளையவர்களின் நூல் தொகுதி இருப்பதைப் பலர் அறிவர். அவர் பதிப்பாசிரியராக இருந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பக்கங்கள் நெருக்கமான சிற்றெழுத்தில் அமைந்தவை. அவற்றின் ஒளிப்படப் பக்கத்தில் ஸ்கேலை உயர்த்துவதால் மட்டும் பயனில்லை. பக்கத்தையே பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

பளபளப்புத் திரையைத் தவிர்த்து மங்கல் பூச்சுள்ளதைக் கேளுங்கள். லேக் மார்க்கெட் பக்கத்து மாடி வராந்தாக்களில் காலை வெயிலுக்கு எதிரே அமர்ந்து படிப்போர் பளபளப்புத் திரையில் தம் முகத்தையே காண்பர். இருபது நிமிடத்துக்கொருமுறை எதிர்வீட்டு மாடியை ஒரு கணம் நோக்குவதும் நன்று. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது.

கடையில் விளம்பரப் படத்தைக் காட்டி மயக்குவார்கள். அதை ஒதுக்கிவிட்டு ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டடி தள்ளி அமர்ந்து 'அண்ணன்', 'கிண்ணம்', 'கீழ்', 'மணம்', 'மனம்' ஆகிய சொற்களைத் தட்டச்சு செய்து பாருங்கள். உடன் வந்த குழந்தையையும் படிக்கச் சொல்லுங்கள்.