கம்பியும் காந்தமும்

இரும்பைத் தன்பால் ஈர்க்கும் இயல்புடையது காந்தம். அதன் ஆற்றலைக் கண்டு பழங்கால மக்கள் வியந்தனர். கடலோடிகள் அதன் துணைகொண்டு திசையறிந்து கலம் செலுத்தினர். பிற்காலத்தில் மின்சாரத்தை ஆக்கும் பொறிகளிலும், தொலைபேசியிலும், ஒலிபெருக்கியிலும் அஃது இடம்பெற்றது. பேரரங்கு முழுவதும் கேட்குமாறு முழங்கும் மின்கித்தாரின் உயிர்நிலையும் ஒரு சிறு காந்தமே ஆகும். விரல் நீளமும் இல்லாத அக்காந்தத்தை எங்குப் பெறுவது, எவ்வகையைத் தேர்வது என்னும் வினாக்கள் இசைக்கருவி செய்வோருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளாக இருந்து வருகின்றன. வலிமை மிக்கதே சிறந்தது என்று பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இக்கருவியின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

ஒலி குன்றிய கருவி

கித்தார் மேலைநாட்டுக் கம்பிக் கருவிகளுள் ஒன்று. வீணைக்குக் குடம் எவ்வாறோ, அவ்வாறே கித்தாருக்கு உள்ளீடற்ற மரப்பெட்டி அமைந்துள்ளது. கம்பியின் அதிர்வை அப்பெட்டி ஏற்று, தன்னுள் இருக்கும் காற்றையும் அதிரச் செய்து ஒலியை வளர்க்கும். சிறு கூடத்தில் இருந்து கேட்போர்க்கு அவ்வொலி இனிமை பயக்கும். ஆனால், 1920-களில் அமெரிக்க நாட்டின் நடன அரங்குகளில் பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளும் கூடி முழங்கத் தொடங்கின. அம்முழக்கத்தின் நடுவே கித்தாரின் ஒலி அமுங்கிப் போயிற்று. விரல் நோக மீட்டியும் தன் இசை எவர் செவிக்கும் எட்டவில்லையே என்று கலைஞன் வருந்தினான். கேளாத கருவிக்கு அரங்கில் இடம் ஏது? ஆகவே, அவனுடைய பிழைப்பும் ஐயத்திற்கு உரியதாயிற்று. கித்தாரின் ஒலியைப் பெருக்கும் வழியைப் பலரும் தேடலாயினர்.

காந்தம் செய்யும் பணி

அவ்வழிக்கு வேண்டிய அடிப்படை உண்மை நூறாண்டுகட்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 1831-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் மைக்கேல் ஃபாரடே அதனைக் கண்டார். அவர் கொல்லர் ஒருவரின் மகன்; இளமையில் புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். செம்புக் கம்பிச் சுருளினுள் ஒரு காந்தத்தை அவர் நுழைத்தபோது சுருளில் மின்சாரம் தோன்றிற்று. வெளியே இழுத்தபோதும் தோன்றிற்று. அசைவின்றி வைத்திருந்தபோது தோன்றவில்லை. ஒரு சுருளின் ஊடே செல்லும் காந்த விசை மாறுந்தோறும் அதில் மின்சாரம் பிறக்கும் என்பதே அவ்வுண்மை.

மின்கித்தாரின் பிக்கப் இவ்வுண்மையின் வழியே இயங்குகின்றது. பிக்கப் என்பது கித்தாரின் கம்பிகளுக்கு அடியில் பொருத்தப்படும் சிறு கருவி. காந்தமும், அதனைச் சூழ்ந்த செம்புக் கம்பிச் சுருளுமே அதன் தலையாய உறுப்புகள். அச்செம்புக் கம்பி தலைமயிர் அளவே பருமன் உடையது. ஒரு சுருளில் அஃது ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுகள் வரை சுற்றப்பட்டிருப்பதுண்டு. அருகில் உள்ள காந்தம் கித்தாரின் எஃகுக் கம்பியையும் சிறிதளவு காந்தமாக்கி விடுகின்றது. மீட்டப்பட்ட கம்பி அதிரும்போது, சுருளின் ஊடே செல்லும் காந்த விசை ஏறியும் இறங்கியும் மாறுகின்றது. அதற்கு ஏற்ப ஒரு மெல்லிய மின்னோட்டம் சுருளில் எழுகின்றது. அதனை மின்பெருக்கி வலிமைப்படுத்த, ஒலிபெருக்கி இசையாக வெளியிடுகின்றது.

எனவே, பிக்கப் காற்றில் பரவும் ஒலியைக் கேட்பதன்று; கம்பியின் அசைவை உணர்வது. காந்தத்திற்கு வயப்படும் கம்பியே அதற்கு ஏற்றது. எஃகுக் கம்பியை நீக்கிவிட்டு, விலங்கின் குடலால் ஆன நரம்பையோ நைலான் இழையையோ பூட்டினால், எத்துணை நன்றாக மீட்டினும் பிக்கப் ஊமையாகவே இருக்கும்.

வாணலிக் கித்தார்

ஜார்ஜ் பீச்சம் என்பவர் மேடைக் கலைஞர். மடிமேல் கிடத்தி மீட்டும் ஹவாய்க் கித்தாரில் தேர்ந்தவர். 1931-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் முதல் பிக்கப்பைச் செய்து முடித்தார். சுருள் சுற்றுவதற்குத் தனிப் பொறி அவரிடம் இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி, அதனைக் கொண்டே சுருளைச் சுற்றினார் என்பர்.

அந்நாளில் கிடைத்தவை எஃகுக் காந்தங்களே. எஃகுக் காந்தம் குட்டையாக இருப்பின் தன் ஆற்றலைத் தானே விரைவில் இழந்துவிடும். ஆதலின் அதனை நீளமாகச் செய்து, குதிரை லாடம்போல் வளைத்துப் பயன்படுத்தினர். பீச்சம் அத்தகைய இரண்டு லாடக் காந்தங்களை எதிரெதிராக வைத்து, அவற்றின் வளைவினூடே கம்பிகள் செல்லுமாறு அமைத்தார். கருவி செய்வதில் வல்லவரான அடால்ஃப் ரிக்கன்பேக்கர் அவருக்குத் துணை நின்றார். 1932-ஆம் ஆண்டில் அலுமினியத்தால் வார்க்கப்பட்ட அவர்களுடைய கித்தார் விற்பனைக்கு வந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்தமையால் மக்கள் அதனை 'வாணலி' என்றே அழைத்தனர். பீச்சம் 1934-ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1937-ஆம் ஆண்டில்தான் அது கிடைத்தது. அதற்குள் வேறு பலரும் மின்கித்தார்களைச் செய்யத் தொடங்கிவிட்டனர். எனினும், கம்பியையும் காந்தத்தையும் இணைத்து வெற்றி கண்ட பெருமை அவருக்கு உரியது.

மூன்று உலோகங்களின் பெயர்

பீச்சம் அமெரிக்காவில் லாடக் காந்தங்களோடு உழன்ற அதே 1931-ஆம் ஆண்டில், ஜப்பானிய அறிஞர் டோகுஷிச்சி மிஷிமா புதியதொரு கலப்பு உலோகத்தைக் கண்டறிந்தார். இரும்பும் நிக்கலும் சேர்ந்த கலவையில் அலுமினியத்தைக் கலந்தபோது, ஆற்றலை எளிதில் இழவாத காந்தம் அவருக்குக் கிடைத்தது. பின்னர் வந்தோர் அதில் கோபால்ட்டையும் செம்பையும் சேர்த்து மேலும் வளர்த்தனர். அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு ஆகிய மூன்றின் வேதியியல் குறியீடுகளையும் தொடுத்து அதற்கு 'அல்நிகோ' என்று பெயரிட்டனர்.

அல்நிகோ பல வகைப்படும். அவை எண்களால் குறிக்கப்படும். ஐந்தாம் வகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு அலுமினியமும், 14 பங்கு நிக்கலும், 24 பங்கு கோபால்ட்டும், 3 பங்கு செம்பும் உண்டு, எஞ்சியது இரும்பு. சூடாக்கி ஆற்றும்போதே அதனைக் காந்தப் புலத்தில் வைப்பதால், அவ்வகை ஒரு திசையில் மிகுந்த ஆற்றல் பெறுகின்றது. இரண்டாம் வகை அதனினும் வலிமை குறைந்தது. மூன்றாம் வகையில் கோபால்ட்டே இல்லை. அது மேலும் வலிமை குறைந்தது.

லாடம் வேண்டாதாயிற்று, சிறு துண்டே போதுமானதாயிற்று. வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்த லியோ ஃபெண்டர் 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட மின்கித்தாரில், கம்பிக்கு ஒன்றாக ஆறு சிறு அல்நிகோத் தண்டுகளைச் சுருளின் நடுவே நிறுத்தினார். 1954-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கித்தாரிலும் அவ்வமைப்பே இடம்பெற்றது.

கிடைத்ததைக் கொண்டு செய்தவை

ஒற்றைச் சுருள் கொண்ட பிக்கப்பிற்கு ஒரு குறை உண்டு. சுற்றிலும் செல்லும் மின்கம்பிகளின் தாக்கத்தால் வண்டு முரல்வதுபோன்ற ஓர் இரைச்சல் அதில் எழும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே அமைத்து, ஒன்றின் போக்கு மற்றொன்றிற்கு எதிராக இருக்குமாறு இணைத்தார். காந்த முனைகளும் ஒன்றில் வடக்காகவும் மற்றதில் தெற்காகவும் அமைந்தன. இரைச்சல் ஒன்றையொன்று எதிர்த்து அழிந்தது; இசையோ ஒன்றோடொன்று கூடி வலுப்பெற்றது.

அவ்வகைப் பிக்கப்புகள் 1957-ஆம் ஆண்டு முதல் கித்தார்களில் இடம்பெற்றன. அவற்றின் அடியில் வைக்கப்பட்ட அல்நிகோப் பட்டைகள் யாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அவ்வப்போது கைக்குக் கிடைத்த வகையே பயன்படுத்தப்பட்டது. அதனால் ஒரே பெயருடைய பிக்கப்புகள் வெவ்வேறு குரலில் பேசின. அந்நாளில் எவரும் பொருட்படுத்தாத அவ்வேறுபாட்டைப் பிற்காலத்தார் நுணுகி ஆராயலாயினர். இரண்டாம் வகை மென்மையாக ஒலிக்கும், ஐந்தாம் வகை தெளிவும் கூர்மையும் உடையது என்று கலைஞர்கள் தம் செவியால் தரம் பிரித்தனர். அன்று முதல் காந்தத்தைத் தேர்வது ஒரு கலையாகவே வளர்ந்தது.

வலிமை மிகுந்தால் வரும் கேடு

1950-களின் தொடக்கத்தில் நெதர்லாந்து நாட்டில் ஃபெரைட் காந்தம் உருவாயிற்று. இரும்பின் ஆக்சைடோடு பேரியம் போன்றவற்றின் சேர்மத்தைக் கலந்து, பொடியாக்கி அழுத்தி, மட்கலம்போல் சூளையில் சுட்டெடுப்பதே ஃபெரைட். இது விலை மலிந்தது. எளிதில் ஆற்றல் இழவாதது. 1980-களில் நியோடைமியம் என்னும் அருமண் உலோகத்தை இரும்போடும் போரானோடும் சேர்த்துச் செய்த காந்தம் தோன்றியது. அதன் வலிமைக்கு அல்நிகோ ஒருவாற்றானும் ஈடாகாது.

அங்ஙனமாயின், யாவரும் நியோடைமியத்தையே கொள்ளலாமே என்று வினவத் தோன்றும். அதில்தான் நுட்பம் உள்ளது. காந்தம் கம்பியின் அசைவை உணர்வதோடு நில்லாது, கம்பியை இழுக்கவும் செய்கின்றது. இழுப்பு மிகுந்தால் கம்பி உரிமையோடு அதிராது. ஒலி நெடுநேரம் நில்லாது விரைவில் தேயும். அன்றியும், காந்தத்தை நோக்கி மேலும் கீழுமாக அதிரும் அதிர்வு சற்றே மெதுவாகிவிடும். பக்கவாட்டில் நிகழும் அதிர்வு அவ்வளவு மாறாது. ஒரே கம்பியில் இரண்டு சுருதிகள் பிறந்து ஒன்றோடொன்று மோதும். எத்துணை முயன்றும் சுருதி சேராது. மாணவன் தன் செவியை நொந்துகொள்வான்; குற்றமோ காந்தத்தினுடையது. ஃபெண்டர் கித்தாரின் அல்நிகோத் தண்டுகளைக் கம்பிக்கு மிக அருகில் உயர்த்தினாலே இக்கேடு தோன்றும். அவ்வாறாயின், அதனினும் பன்மடங்கு வலிய காந்தத்தை அளவறியாது வைத்தால் விளைவு என்னாகும்! நியோடைமியத்தையும் ஃபெரைட்டையும் கொண்டு நல்ல பிக்கப் செய்வோர் உளர். ஆனால், அவர்கள் காந்தத்தின் அளவைக் குறைத்தும் தொலைவைக் கூட்டியும் அதன் இழுப்பை அடக்கியே பயன்படுத்துகின்றனர்.

தேடிப் பெறுதல்

பிக்கப் செய்ய முனைவோர் முதற்கண் அளவை உறுதி செய்தல் வேண்டும். தண்டு வகைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் பருமனும் 17 மில்லிமீட்டர் நீளமும் ஏற்றவை. இரட்டைச் சுருள் வகைக்கு ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் நீளமுள்ள பட்டை பொருந்தும். அல்நிகோ மிகக் கடினமானது. ஆயினும் கண்ணாடிபோல் நொறுங்கக் கூடியது. வாங்கிய பின் அதனைத் துளையிடவோ வளைக்கவோ இயலாது. சாணைக் கல்லால் தேய்க்க மட்டுமே இயலும். ஆதலின், அளவு பிழைத்தால் பணம் வீணாகும்.

அடுத்து, வகையை ஆராய்தல் வேண்டும். இரண்டாம் வகையும் ஐந்தாம் வகையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். காந்த அளவியைக் கொண்டு சோதிப்பினும், அஃது அப்போது காந்தத்தில் ஏறியுள்ள ஆற்றலையே காட்டும். குறைவாக ஏற்றப்பட்ட ஐந்தாம் வகை இரண்டாம் வகைபோல் நடித்து ஏமாற்றவும் கூடும். எனவே, உலோகக் கலவையின் விவரத்தை எழுத்தில் தரும் நம்பத்தக்க விற்பனையாளரிடம் வாங்குவதே நன்று.

காந்தம் ஏற்றப்படாத தண்டுகளை வாங்குவோரும் உண்டு. அவை ஒன்றோடொன்று ஒட்டா. இரும்புத் தூளும் அவற்றைப் பற்றாது. பிக்கப்பைச் செய்து முடித்தபின், இரண்டு வலிய நியோடைமியக் காந்தங்களுக்கு இடையே அதனைச் செலுத்தினால் தண்டுகள் ஆற்றல் பெறும். அவ்விரண்டு காந்தங்களும் தம்முள் பாய்ந்து மோதி விரலை நசுக்கிவிடும் ஆதலால், விழிப்போடு கையாள வேண்டும். திசைகாட்டியின் ஊசியைக் கொண்டு முனைகளைத் தெரிந்து குறித்துக்கொள்ளுதலும் இன்றியமையாதது. ஒத்த முனைகளை ஒன்றோடொன்று அழுத்தி வைத்தால் அல்நிகோ தன் ஆற்றலை இழக்கும் என்பதையும் மறத்தல் ஆகாது.

இவ்வளவு சிறிய பொருளின் வரவு, தொலைவில் உள்ள சுரங்கங்களைச் சார்ந்தது என்பதும் எண்ணத்தக்கது. இன்று காங்கோ சனநாயகக் குடியரசு என வழங்கும் நாடு முன்னர்ச் சயர் என்னும் பெயர் கொண்டிருந்தது. 1978-ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த போரினால் கோபால்ட்டு அரிதாகி விலை பன்மடங்கு உயர்ந்தது. ஒலிபெருக்கி செய்தோர் பலர் அல்நிகோவைக் கைவிட்டு ஃபெரைட்டிற்கு மாறினர். இன்றும் உலகில் எடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அந்நாட்டினின்றே வருகின்றது. அங்குக் கையால் தோண்டப்படும் குழிகள் சிலவற்றில், பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவர்கள் மண் சுமக்கின்றனர். அக்கோபால்ட்டில் பெரும்பங்கு மின்கலங்களுக்கே செல்கின்றது. காந்தத்திற்குச் செல்வது சிறு பங்கே. ஆயினும், பொருளின் விலையை மட்டும் கேளாது, அது வந்த வழியையும் கேட்டறிதல் வாங்குவோரின் கடமையாகும்.

கம்பியை இறுகப் பற்றும் காந்தம் இசையைக் கெடுக்கின்றது. எட்ட நிற்கும் காந்தத்திற்கோ கம்பியின் அசைவு எட்டுவதில்லை. கம்பியை அதன் போக்கில் அதிரவிட்டு, அதன் நுண்ணிய அசைவையும் தவறாது உணரும் காந்தமே சிறந்த காந்தம். ஆற்றல் உடைமை பெருமைதான். அவ்வாற்றலை வேண்டும் அளவில் நிறுத்துதல் அதனினும் பெருமை என்பதை அச்சிறு தண்டு உணர்த்துகின்றது.