சிறு குண்டு, பெரு வேகம்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. துப்பாக்கி உலகிலும் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. இயற்பியல் பயில்பவன், என்.சி.சி.யில் .22 துப்பாக்கி சுட்டுப் பழகியவன் என்ற இரு முறையிலும் அதனை ஈண்டு விளக்க விழைகிறேன்.

அமெரிக்க நாட்டுப்புறங்களில் 'வார்மின்ட்' என்றொரு சொல் வழங்குகிறது. உழவனுக்குத் தொல்லை தரும் விலங்கு என்பது அதன் பொருள். கிழக்கு மாநிலப் புல்வெளிகளில் வளை தோண்டும் உட்சக், மேற்குச் சமவெளிகளில் கூட்டமாக வாழும் பிரெய்ரி நாய் ஆகியவை இவ்வகையின. பெயர்தான் நாயே தவிர, பிரெய்ரி நாய் அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. ஆள் நெருங்கினால் வளைக்குள் மறைந்துவிடும். எனவே 200 கஜத்திற்கு அப்பாலிருந்தே சுடவேண்டியுள்ளது.

வேகத்தின் விந்தை

நாம் பயிற்சியில் சுடும் .22 தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம் எடையுள்ளது. அதன் வேகம் விநாடிக்கு 380 மீட்டர் எனக் கொள்வோம். 1971ஆம் ஆண்டு ரெமிங்டன் நிறுவனம் வெளியிட்ட .17 தோட்டாவின் குண்டோ 1.6 கிராம்தான், விட்டம் 4.4 மில்லிமீட்டர். ஆனால் வேகம் விநாடிக்குச் சுமார் 1,230 மீட்டர்! இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமையும் என்பதை யாவரும் அறிவோம். கணக்கிட்டால் முன்னதற்கு 190 ஜூல் அளவும், பின்னதற்கு 1,200 ஜூலுக்கு மேலும் வருகின்றன. எடை குறைந்தும் ஆற்றல் ஆறு மடங்கு!

இன்னொரு பயனும் உண்டு. 200 கஜத்தைக் கடக்க .17 குண்டுக்கு 0.18 விநாடி போதும். அந்நேரத்தில் புவியீர்ப்பால் அது விழுவது ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். நம் .22 குண்டு அதே தூரத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் விழுந்துவிடும். தூரத்தைக் கணிப்பதில் சிறிது பிசகினாலும் .17 குண்டு இலக்கைவிட்டு அதிகம் விலகாது. குண்டு இலேசானதால் தோளில் உதைப்பும் குறைவு. எனினும் இதே இலேசுத்தன்மையால் பக்கக்காற்று அதனை எளிதில் ஒதுக்கிவிடும்.

பழைய துப்பாக்கி, புதிய குழல்

ரெமிங்டனுக்கு முன்பே இத்தகைய தோட்டாக்களை ஆர்வலர்கள் தாமே ஆக்கினர். கடையில் கிடைக்காத இவற்றுக்கு 'வைல்ட்கேட்', அதாவது காட்டுப்பூனை, என்று பெயர். பி. ஓ. ஆக்லி என்னும் துப்பாக்கிக் கைவினைஞர் ஹார்னெட் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி .17 குண்டு பொருந்தும்படி செய்தார்.

இதற்கு அவர்கள் தேர்ந்த துப்பாக்கிகளுள் ஒன்று வியப்பளிப்பது. ஆஸ்திரேலியப் பள்ளிச் சிறுவர்களின் படைப்பயிற்சிக்கென இங்கிலாந்தில் செய்யப்பட்ட மார்ட்டினி கேடட்தான் அது. அதன் காலிபர் .310. விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கினால் அடைப்புக்கட்டை தாழ்ந்து குழல் திறக்கும். ஒரு முறைக்கு ஒரே தோட்டாதான். பயன்பாட்டிலிருந்து நீங்கியபின் இவை அமெரிக்காவில் மலிவாக விற்றன. வாங்கியவர்கள் பழைய குழலைக் கழற்றிவிட்டு மெல்லிய துளையுடைய புதுக்குழல் பொருத்தினர். சிறுவர் துப்பாக்கி உழவனின் காவல் துப்பாக்கியாயிற்று!

குண்டு எங்கே முடிகிறது?

இவ்வளவு பாடுபடுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். கிழக்கு மாநிலங்களில் வயலுக்கருகே வீடுகள் உள்ளன, மாடுகள் மேய்கின்றன. மெதுவாகச் செல்லும் கனத்த குண்டு கல்லில் பட்டுத் தெறித்து வேறெங்கோ பாயக்கூடும். மெல்லிய உறையிட்ட அதிவேகக் குண்டோ தரையில் பட்டதுமே பெரும்பாலும் பொடிப்பொடியாகிவிடும். எனவே அயலாருக்கு ஆபத்து குறைவு. ஆயினும் குண்டைத் தாங்கும் மண்மேடு பின்னால் இல்லையேல் சுடலாகாது என்பது எத்துப்பாக்கிக்கும் விதி.

ஆனால் பொடியானது மறைந்துவிட்டதா? இல்லை. குண்டின் உள்ளீடு ஈயம். சுட்ட விலங்கை வயலிலேயே விட்டுச் செல்வது வழக்கம். அதனைக் கழுகும் பருந்தும் தின்கின்றன. ஈயத்துகளும் உடன் சென்று நஞ்சாகிறது. எந்தச் சிதறல் பசுவைக் காத்ததோ, அதே சிதறல் கழுகைக் கொல்கிறது! கலிபோர்னியா மாநிலம் 2013இல் சட்டமியற்றி, 2019 சூலை முதல் நாளிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயக்குண்டைத் தடை செய்துவிட்டது. இன்று செம்புக் குண்டுகளும் ஈயமில்லாக் கலவைக் குண்டுகளும் கிடைக்கின்றன.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளமிட்டுள்ளது. எனவே இக்கட்டுரை யாரையும் துப்பாக்கி எடுக்கத் தூண்டுவதன்று. ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்று வகுப்பில் படிக்கிறோம். பொருளும் அவ்வாறே. ஒரு கருவியை ஆக்குபவன் அது இலக்கை அடைவதை மட்டும் கணக்கிட்டால் போதாது; அதற்குப் பின் அது எவர் வயிற்றில் சேரும் என்பதையும் கணக்கிடவேண்டும். 1.6 கிராம் குண்டு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.