ஆடும் படத்துக்குப் பின்னால் ஒரு கை

பாட்டி வீட்டு அலமாரியில் கிடைத்த பழைய வீடியோ நாடா ஒன்றிலிருந்துதான் எங்கள் இறுதியாண்டுப் படம் பிறந்தது. அம்மாவின் பத்தாவது பிறந்தநாளைத் தாத்தா படம் எடுத்திருக்கிறார். உறவினர்கள் கூடி நிற்கிறார்கள். அணிச்சலில் மெழுகுவத்திகள் எரிகின்றன. அம்மா ஊதுவதற்காகக் குனிகிறார். அந்த இடத்தில் நாடா தீர்ந்துவிடுகிறது.

விட்டுப்போன அந்த எட்டு நொடிகளைக் களிமண் பொம்மைகளை வைத்து எடுத்து, தாத்தாவின் படத்தோடு சேர்ப்பது என்று முடிவுசெய்தோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படிக்கும் நாங்கள் மூவர்தான் குழு. பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுக்கும் ‘ஸ்டாப் மோஷன்’ முறை எங்களுக்குப் பழக்கமானதுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தாத்தா கேமராவைக் கையில் பிடித்து எடுத்திருந்தார். படம் ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் கேமராவோ முக்காலியில் அசையாமல் நின்றது. ஆட்டம் பொருந்தாவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதல் முயற்சி வீண்

ஒவ்வொரு படத்துக்கும் முன்பு முக்காலியைக் கையால் லேசாகத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை மேலே என்று மனம்போன போக்கில் தள்ளினேன். நாடாவில் நொடிக்கு 25 சட்டங்கள் இருந்ததால் எங்கள் படத்தையும் அதே வேகத்தில் அமைத்திருந்தோம். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்குக் காட்டினால் எட்டு நொடிக்கு 100 படங்கள் தேவை. இரண்டு இரவுகள் விழித்து எடுத்தோம்.

ஓட்டிப் பார்த்தபோது எங்களுக்கே சிரிப்பு வந்தது. கேமரா ஆடுவதுபோல் இல்லை. வீட்டுக்குள் நிலநடுக்கம் வந்ததுபோல் இருந்தது. படத்தை ஒப்படைக்கப் பத்து நாள்களே இருந்தன.

எங்கள் விரிவுரையாளர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கேமராவை யார் பிடிச்சிருக்காங்க?”

கை எப்படி ஆடுகிறது?

அந்தக் கேள்வியோடு தாத்தாவின் நாடாவை மீண்டும் மீண்டும் பார்த்தோம். மனிதக் கை ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே துள்ளிக் குதிப்பதில்லை. கைக்கும் கேமராவுக்கும் எடை உண்டு. அதனால் படம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, மெல்லத் திரும்பி வருகிறது. மூச்சு விடும்போது சற்றே ஏறி இறங்குகிறது. தாத்தா சிரிக்கும் இடத்தில் மட்டும் சிறு சிறு நடுக்கங்கள். அவை வந்த வேகத்திலேயே அடங்கியும் விடுகின்றன.

இன்னொரு தவறும் புரிந்தது. எங்கள் பொம்மையின் உயரம் 13 செண்டிமீட்டர். 130 செண்டிமீட்டர் உயரச் சிறுமிக்கு அது பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் கையின் ஒரு செண்டிமீட்டர் ஆட்டம் அந்தக் குட்டி அறையில் ஒரு மில்லிமீட்டர்தான். நான் ஐந்து மில்லிமீட்டர் தள்ளியிருந்தேன். அரக்கன் ஒருவன் படம் எடுத்ததுபோல் தெரிந்ததில் வியப்பில்லை!

மூன்றாவது தவறு தாளம். பொம்மையும் கேமராவும் ஒரே நேரத்தில், இரண்டு சட்டத்துக்கு ஒருமுறை நகர்ந்தன. ஆடுவது கேமராவா பொம்மையா என்று கண்ணால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கடிகாரமும் நாள்காட்டியும்

இந்த முறை கேமராவை அசையாமல் நிறுத்தி, காட்சியைச் சுற்றிலும் கூடுதல் இடம் விட்டு எடுத்தோம். எங்கள் கேமரா எடுக்கும் படத்தின் அகலம் 6,000 படப்புள்ளிகள். திரைக்குத் தேவை 1,920 மட்டுமே. எனவே ஓரங்களை வெட்டினாலும் தெளிவு குறையாது.

பிறகு, தாத்தா ஒரே இடத்தில் நின்று எடுத்த எட்டு நொடிப் பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். அதில் சுவர்க் கடிகாரமும் நாள்காட்டியும் தெரிகின்றன. அவ்விரண்டும் ஒவ்வொரு சட்டத்திலும் எங்கே இருக்கின்றன என்று மென்பொருள் பின்தொடர்ந்தது. ஒரு புள்ளி இருந்தால் மேல் கீழ், இட வல அசைவு கிடைக்கும். இரண்டு புள்ளிகள் இருந்தால் சாய்வும் கிடைக்கும். அந்த 200 சட்டங்களின் அசைவை எங்கள் களிமண் காட்சிக்குக் கொடுத்தோம். பொம்மை இரண்டு சட்டத்துக்கு ஒருமுறை அசைய, ஆட்டம் சட்டத்துக்குச் சட்டம் ஓடியது. கண் இரண்டையும் உடனே பிரித்துக்கொண்டது.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. மென்பொருள் முழுப் படத்தையும் ஒரே தாள்போல் நகர்த்தும். உண்மையில் கேமரா இடம் மாறினால் அருகில் உள்ள அணிச்சல் அதிகமாகவும், தூரத்துச் சுவர் குறைவாகவும் நகர வேண்டும். அதனால் தாத்தா காலை மாற்றி வைப்பதாகக் கற்பனை செய்த ஓரிடத்தில் மட்டும், திருகினால் நகரும் சிறு தண்டவாளத்தில் கேமராவை வைத்து உண்மையாகவே நகர்த்தினோம். தொடக்கத்தில் குறைவாக, நடுவில் அதிகமாக, முடிவில் மீண்டும் குறைவாக.

குறையே கற்றுத்தரும்

இத்துறையின் பெரியவர்களும் இப்படிப்பட்ட சிக்கல்களைச் சந்தித்தவர்கள்தாம். 1933ல் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தில், பொம்மையைத் தொட்டு நகர்த்திய விரல்களால் குரங்கின் ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு படமும் கூர்மையாக இருப்பதால் அசைவு வெட்டிவெட்டித் தெரியும். அதைப் போக்க, 1981ல் வெளிவந்த ‘டிராகன்ஸ்லேயர்’ படத்தில், படம் பதிவாகும் வேளையிலேயே கணினி உதவியுடன் பொம்மையை அசைத்து மங்கலை உண்டாக்கினார்கள்.

உங்களிடம் பழைய நாடா இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். சுவரில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் ஒட்டுங்கள். திறன்பேசியைக் கையில் பிடித்துப் பத்து நொடி காணொளி எடுங்கள். அதுவே உங்கள் ஆட்டம். ஆனால் அதற்கு முன்பு, கேமராவைப் பிடித்திருப்பவர் யார், அவர் ஓடுகிறாரா, பயப்படுகிறாரா, சிரிக்கிறாரா என்று முடிவுசெய்துவிடுங்கள்.

படத்தை ஒப்படைத்த வாரயிறுதியில் பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். களிமண் சிறுமி மெழுகுவத்திகளை ஊதி அணைத்தாள். பாட்டி சிரித்தார்.

“பாரு, கேக் வெட்டறப்பகூட கையை ஆட்டிக்கிட்டேதான் எடுத்திருக்காரு உங்க தாத்தா.”

அதை எடுத்தது நாங்கள் என்று நான் சொல்லவில்லை.