ஒற்றைக் கோலா, இரு துண்டுக் கோலா?

தூண்டிற்கோல் வாங்கப் புறப்படுகிறவன் கடைக்குள் நுழைந்த மாத்திரத்திலேயே ஒரு தர்மசங்கடத்தில் அகப்பட்டுக் கொள்கிறான். கடைக்காரர் சுவரோரம் சாத்தியிருக்கும் நீண்ட கோல் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "இது ஒரே கோல், ஸார்! நடுவில் இணைப்பே கிடையாது" என்கிறார். அடுத்த நிமிஷம் துணி உறையிலிருந்து இரண்டு துண்டுகளை உருவிப் பொருத்திக் காட்டி, "இதுவும் அதே நீளந்தான், ஆனால் பாதியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்" என்கிறார். விலையில் பிரமாத வித்தியாசம் இல்லை. எதை வாங்குவது? பழக்கமுள்ள நண்பர்களை யோசனை கேட்டாலோ, சங்கடம் தீர்வதற்குப் பதில் வளருகிறது. தூண்டில்காரர்களிடையே இந்த விவாதம் நம் பெரியோர்களின் சைவ வைஷ்ணவ வாதத்துக்குச் சமானமானது. ஒரு கட்சியார் மற்றக் கட்சியாரின் கோலைக் கையால் தொடவும் சம்மதிக்க மாட்டார்கள்.

மீன் உண்ணாத குடும்பத்தைச் சேர்ந்த நேயர்கள் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூங்கிலைப் பற்றியும், ஒரு பண்டத்தை இரண்டாக வெட்டி மறுபடியும் ஒன்றாக்கும் வித்தையைப் பற்றியும் சொல்லப் போகிறேன். இதற்கும் சமையலறைக்கும் அதிக சம்பந்தம் கிடையாது. அன்றியும், உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ கோடை விடுமுறையில் ஒரு தூண்டிற்கோல் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கும் நாள் எப்போது வருமென்று யார் கண்டார்கள்?

முதலில், தூண்டிற்கோல் என்ன காரியம் செய்கிறது என்று பார்ப்போம். அது நூலைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதற்கு மட்டும் ஏற்பட்ட கம்பு அல்ல. மீன் பிடித்து இழுக்கும்போது கோல் வில்லைப்போல் வளைகிறது. அந்த வளைவு இழுப்பின் வேகத்தைத் தான் வாங்கிக் கொண்டு நூல் அறுந்து போகாமல் காக்கிறது. நுனி சிறிய அதிர்ச்சிக்கும் அசைகிறது. நடுப்பகுதி பெரிய இழுப்புக்கு வளைகிறது. அடிப்பகுதி அசையாமல் நின்று மீனைத் தூக்குகிறது. இவை யாவும் ஒன்றுக்கொன்று தொடர்ந்து, தடையில்லாமல் நடக்க வேண்டும். நம் ஏரிக்கரைகளில் சிறுவர்கள் வெட்டிக் கொண்டுவரும் மூங்கிற் கழியில் இந்தக் குணங்களெல்லாம் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன. அடி பருத்து நுனி சிறுத்த அந்தக் கழிக்கு இணைப்பு ஏது, பூண் ஏது?

ஒற்றைக் கோலின் பெருமையை முழுமையாகப் பார்க்க விரும்புகிறவர்கள் லட்சத்தீவுகளின் தென்கோடியிலுள்ள மினிக்காய்த் தீவை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே சூரை மீன் பிடிக்கும் முறை மிகவும் விசேஷமானது. முதலில் தீவை ஒட்டிய ஆழமில்லாத நீரில் சின்னஞ்சிறு மீன்களைப் பிடித்துப் படகிலேயே உயிரோடு வைத்துக்கொள்கிறார்கள். பறவைகள் வட்டமிடும் இடத்தைப் பார்த்துச் சூரைக் கூட்டம் அங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டு, அந்தச் சிறு மீன்களைக் கடலில் வீசி, தண்ணீரையும் வாரித் தெளிக்கிறார்கள். கடலே கொதிப்பது போலச் சூரைகள் மேலே வருகின்றன. படகின் பின்பக்கத்தில் வரிசையாக நிற்பவர்கள் மூங்கிற் கோலை இறக்குவதும், மீனைத் தலைக்கு மேலாகச் சுழற்றிப் படகில் போடுவதும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். தூண்டில் முள்ளில் எதிர்முனை கிடையாது. ஆகையால் மீன் தானாகவே கழன்று விழுகிறது. மறு நொடியில் கோல் மறுபடியும் தண்ணீரில்! இப்படிப்பட்ட இடத்தில் கோலின் நடுவே ஓர் இணைப்பு இருந்து, அது சற்றே தளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோலும் படகும் கடலோரத்திலேயே வாசம் செய்கின்றன. கோலை எங்கும் சுமந்து செல்லும் தொல்லை அவர்களுக்கு இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. கோலை இரண்டாக வெட்டியதற்குக் காரணம் மீன் அல்ல, வழிப்பயணம். இங்கிலாந்தில் 1496-ஆம் ஆண்டில் அச்சான தூண்டில் நூல் ஒன்று உண்டு. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னிகாஸ்திரீ எழுதியதாகப் பரம்பரையாய்ச் சொல்லப்படுவது. அதில், அடித்தடியைக் குடைந்து உள்ளே பொந்தாக்கி, நுனிக் கோலை அதற்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும் வகை விவரிக்கப்பட்டிருக்கிறது. வழியில் பார்க்கிறவர்கள் அதைக் கைத்தடி என்றே நினைப்பார்கள். நீங்கள் மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது என்று அந்நூல் பெருமையோடு சொல்லுகிறது! ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே அண்டை வீட்டாரின் கேள்விகளுக்குப் பயந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இனி நம் தேசத்தின் பங்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டார் மூங்கிலை நீளவாட்டில் பட்டைகளாகப் பிளந்து, வெளிப்புறத்து உறுதியான நார்ப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அப்பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து ஈஸ்டன் நகரில் ஸாமுவேல் பிலிப் என்ற துப்பாக்கித் தொழிலாளி 1840-களில் இவ்வாறு செய்தார். அந்தக் கோல்களுக்கு ஆதியில் உபயோகப்பட்ட சரக்கின் பெயர் 'கல்கத்தா மூங்கில்'. கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறியதால் அந்தப் பெயர். நம் காட்டு மூங்கில் அங்கே போய் அரத்தாலும் அரக்காலும் மெருகு பெற்றுப் பெரிய விலைக்கு விற்றது. இங்கே உத்தியோகம் பார்த்த துரைமார்களிலோ பலர், நம் ஆறுகளில் மீன் பிடிப்பதற்குச் சீமையிலிருந்து கோல் தருவித்துக் கொண்டிருந்தார்கள். பருத்தியின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது. பிற்பாடு சீனத்து மூங்கில் வந்து நம்முடையதைப் பின்னே தள்ளிவிட்டது. அதற்கு 'டாங்கின் மூங்கில்' என்று பெயர். ஆனால் அது விளைவது டாங்கினில் அல்ல, சீனாவின் குவாங்டுங் பிரதேசத்தில். வியாபாரிகள் வைக்கும் பெயருக்கும் பூகோள சாஸ்திரத்துக்கும் என்றுமே ஒட்டு உறவு கிடையாது போலும்.

ஒட்டு மூங்கிற் கோல்களை இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து, உலோகப் பூண்களால் இணைத்தார்கள். ஒற்றைக் கோல் கட்சியாரின் பழைய குற்றச்சாட்டு இந்தப் பூணைப் பற்றியதுதான், அது நியாயமானதே. வில்லின் நடுவில் ஓர் இரும்புச் சிம்பை வைத்துக் கட்டினால் வில் அந்த இடத்தில் வளையாது அல்லவா? மூங்கில் வளைகிறது, பூண் வளைவதில்லை. ஆகவே அழகான ஒரே வளைவுக்குப் பதிலாக, நடுவில் ஒரு விறைத்த இடமும் இருபுறத்தில் இரண்டு வளைவுகளும் உண்டாகின்றன. பூணின் கனம் வேறு கையை அழுத்துகிறது. பூணின் விளிம்பில்தான் கோல் பெரும்பாலும் ஒடியும். போதாக்குறைக்குப் பூணுக்குள் ஈரம் புகுந்து மூங்கிலை உளுக்கச் செய்தது. ஹைரம் லியனார்டு என்ற அமெரிக்கர் ஈரம் புகாத பூணுக்கு 1875-ல் உரிமை பதிவு செய்தார் என்றால், அந்தத் தொல்லை எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்!

ஜப்பானியர் இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார்கள். அவர்கள் உலோகத்தைத் தொடவே இல்லை. ஒரு மூங்கில் துண்டின் வாயைப் பட்டு நூலால் இறுகச் சுற்றி, அரக்குப் பூசி உறுதிப்படுத்தி, மற்றத் துண்டின் முனையை அதற்குள் நேராகச் செருகினார்கள். மூங்கிலுக்குள் மூங்கில், இரண்டும் சேர்ந்தே வளையும். எடோ நகரம் டோக்கியோவாக மாறிய பின்னும் அந்தக் கைத்தொழில் அழியவில்லை.

ஜப்பானியரின் அதே யுக்திதான் இன்று உலகமெங்கும் வேறு உருவத்தில் ஆட்சி புரிகிறது. இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பிறகு கண்ணாடி நாரில் கோல்கள் வந்தன. 1950-ல் அமெரிக்கா சீன வர்த்தகத்தைத் தடுத்ததனால் சீன மூங்கில் கிடைப்பது அரிதாகவே, கண்ணாடி நாருக்கு யோகம் அடித்தது. 1960-களில் இங்கிலாந்தில் பார்ன்பரோ ஆகாய விமான ஆராய்ச்சி நிலையத்தார் உறுதி மிக்க கரி நாரைச் செய்யும் முறையைக் கண்டார்கள்; 1970-களில் அது தூண்டிற்கோலாக உருவெடுத்தது. இக்கோல்கள் உள்ளே கூடானவை. ஆகையால் பூண் தேவையில்லை. மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் தொப்பியைப் போல் கவியும், அல்லது ஒன்றிலிருந்து நீட்டிக் கொண்டிருக்கும் முளை மற்றதற்குள் நுழையும். இணைப்பும் கோலும் ஒரே வஸ்துவானதால், இணைப்பும் கூடவே வளைந்து கொடுக்கிறது.

ஆகவே, 'இரு துண்டுக் கோல் வளையாது, உணர்ச்சி தெரியாது' என்று இன்றும் வாதாடுகிறவர்கள் பாட்டனார் காலத்து வழக்கைப் பேரன் மேல் தொடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரே தரத்துச் சரக்கில் ஒற்றைக் கோல் ஒரு மாற்றுக் கனம் குறைவாக இருக்கும், தளர்வதற்கு இணைப்பு இல்லை, இவை மெய். ஆனால் கண்ணைக் கட்டிக் கையில் கொடுத்தால் நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எது எதுவென்று சொல்ல மாட்டோம்.

சொந்தப் படகு உள்ளவரும், ஆற்றங்கரையிலேயே வீடு உள்ளவரும் தாராளமாக ஒற்றைக் கோல் வாங்கலாம். அமெரிக்கர்கள் ஏரி மீன் பிடிக்க ஓட்டும் படகுகளில், ஏழடிக் கோல்களை அப்படியே கிடத்துவதற்கென்று நீண்ட பெட்டிகளை அமைத்திருக்கிறார்கள். அங்கே ஒற்றைக் கோல் மிகுதியாகப் புழங்குவதற்கு அதுவே காரணம். நமக்கோ, டவுன் பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. ஏழடிக் கோலை ரயிலில் எங்கே கிடத்துவீர்கள்? பெஞ்சின் நீளம் ஆறடி சொச்சந்தான். பஸ்ஸில் நிமிர்த்தினால் கூரை இடிக்கும்; சாய்த்தால் அயலார் கண்ணைக் குத்தும். இரண்டு தடவை இந்த அவஸ்தைப்பட்டவன் மூன்றாந் தடவை கோலைப் பரண்மேல் போட்டுவிடுவான். பரண்மேல் கிடக்கும் உத்தமமான கோலைவிட, மூன்றரை அடித் துண்டுகளாகத் தோளில் தொங்கி ஏரிக்கரை வரையில் வந்து சேரும் கோல் ஆயிரம் மடங்கு மேல். குடும்பஸ்தர்கள் தயங்காமல் இரு துண்டுக் கோலே வாங்குக. சிறு குழந்தைக்கு முதல் கோல் என்றால் கடைக்கே போக வேண்டாம். உலர்ந்த மூங்கிற் கழி ஒன்று போதும்.

கடையில் பார்க்க வேண்டியது விலைச் சீட்டை அல்ல, இணைப்பை. இரண்டு துண்டையும் பொருத்தி, மெதுவாக ஆட்டிப் பாருங்கள். 'டக்' என்று ஓசை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். முளை வைத்த கோலில் இரு துண்டுகளுக்கும் நடுவில் கால் அங்குலம் இடைவெளி தெரியும். அது குறையல்ல. நாளாவட்டத்தில் முளை தேயத் தேய உள்ளே இறங்குவதற்காகவே அந்த இடம் விட்டிருக்கிறார்கள். பிறகு நுனியைக் கூரையில் சற்றே ஊன்றி வளைத்து, வளைவு ஒரே சீராக ஓடுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் கோணினாலும் பாதகமில்லை.

கரி நார்க் கோலையும் கண்ணாடி நார்க் கோலையும் பொருத்தும்போது, நூல் வளையங்கள் சற்று விலகியிருக்கும்படி செருகி, பிறகு மெல்லத் திருகி நேராக்க வேண்டும். உலோகப் பூண் உள்ள பழைய கோலை மாத்திரம் ஒருபோதும் திருகலாகாது. நேராகச் செருகி நேராகவே உருவ வேண்டும். நூலை வீச வீச இணைப்பு கொஞ்சங் கொஞ்சமாகத் தளரும். அரை மணிக்கொரு தடவை கையால் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒடிந்துபோன கோல்கள் பலவற்றின் சரித்திரத்தை விசாரித்தால், தளர்ந்த இணைப்போடு மீனை இழுத்ததாகவே தெரிய வரும். கரி நார் இணைப்பு வழுகினால் சாதாரண மெழுகுவர்த்தியை முளையின்மேல் இலேசாகத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும்.

பெற்றோர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்றுண்டு. கரி நார் மின்சாரத்தைக் கடத்தும். மூங்கிற் கழி நினைவிலேயே மின்சாரக் கம்பிகளுக்கு அடியில் கரி நார்க் கோலை நிமிர்த்திக் கொண்டு நடப்பது உயிருக்கு ஆபத்து. கம்பியைத் தொடவே வேண்டியதில்லை, மிக நெருங்கினாலே போதும். ஈரமான கோல் எந்த நாராலானாலும் இந்த அபாயம் உண்டு. இடி மின்னல் தொடங்கினால் கோலைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும். இந்த விஷயத்திலும் இரு துண்டுக் கோலுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது: கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதைப் பொருத்துகிறோம், பிரித்த பிறகுதான் திரும்புகிறோம். வழியிலுள்ள கம்பிகளைக் கோல் எட்டுவதே இல்லை.

வீடு திரும்பியதும் துண்டுகளைத் துடைத்து உலர்த்திய பின்பே உறையில் இட வேண்டும். ஈரத்தோடும் மணலோடும் பொருத்தி வைத்த கோல் மறுநாள் பிரிய மாட்டேனென்று சத்தியாக்கிரகம் செய்யும். அப்போது வளையங்களைப் பிடித்துத் திருகினால் வளையம் பெயர்ந்து வந்துவிடும். கோலை முழங்கால்களுக்குப் பின்புறமாகக் குறுக்கே வைத்து, இணைப்பின் இரு பக்கமும் கையால் பற்றிக்கொண்டு, முழங்கால்களை மெல்ல அகட்டினால் பெரும்பாலும் பிரிந்துவிடும். பிரியாவிட்டால் இன்னொருவரைத் துணைக்கு அழைக்கலாம். இருவரும் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் ஒரு கையை மேல் துண்டிலும் மற்றக் கையைக் கீழ்த் துண்டிலும் வைத்து, ஒரே சமயத்தில் நேராக இழுக்க வேண்டும். ஆளுக்கொரு துண்டைப் பிடித்து இழுத்தால் பிரியும்போது இருவரும் மல்லாந்து விழ நேரும், கோலும் முறியும்.