பெற்றோருக்குப் பின் யார்?
அறிவு வளர்ச்சி குறைந்த உடன்பிறந்தாரைப் பேணுதல்

தோட்டங்களில் வாழும் குடும்பங்களாயினும், தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்களாயினும், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளையைப் பெற்ற தாய் தந்தையர் மனத்தில் ஓயாது எழும் கேள்வி ஒன்றுண்டு. "நாம் கண்ணை மூடிய பின் இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்?" என்பதே அது. உடன்பிறந்த அக்காளோ தம்பியோ பார்த்துக்கொள்வார் என்னும் விடையும் அவர்கள் உள்ளத்திலேயே இருக்கும். ஆனால், அந்த அக்காளிடமோ தம்பியிடமோ எவரும் இதுபற்றி அமர்ந்து பேசியிருக்கமாட்டார்கள். இக்கட்டுரையில் அவர்களுடைய கடமையைப் பற்றியும், அவர்களுக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமையைப் பற்றியும் கூற விரும்புகிறோம்.

குறைபாடு யாது?

சிந்தித்தல், கற்றல், அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ளுதல் ஆகியவற்றில், வளரும் பருவத்திலேயே தோன்றி நிலைத்து நிற்கும் குறையே அறிவுத்திறன் குறைபாடாகும். இது மனநோய் அன்று. மனநோய் எந்த வயதிலும் வரக்கூடும். மருந்தினால் தணியவும் கூடும். இக்குறைபாட்டை நீக்கும் மருந்து கிடையாது. எனினும், பொறுமையான பயிற்சியினால் ஒருவருடைய திறமையை நன்கு வளர்க்க முடியும்.

டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் மாற்றங்கள், பிறக்கும் வேளையில் மூளைக்கு உயிர்வாயு குறைதல், கவனியாது விடப்பட்ட கடுமையான மஞ்சட்காமாலை, தைராய்டு சுரப்புக் குறைவு, மூளைக்காய்ச்சல், கருவுற்ற தாயின் மதுப்பழக்கம் ஆகியவை இதற்குரிய காரணங்களுட் சில. பலருக்குக் காரணம் இன்னதென்று கண்டறியப்படுவதே இல்லை. முன்வினை, சாபம், கிரகண வேளையில் தாய் வெளியே சென்றது என்பனவற்றுள் எதுவும் காரணமன்று.

நீண்ட கால உறவு

முற்காலத்தில் இக்குறையுடைய பலர் இளமையிலேயே இறந்தனர். அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி, டவுன் நோய்க்குறியுடையோரின் சராசரி வாழ்நாள் 1983ஆம் ஆண்டில் 25 ஆண்டுகளே. இன்று அது ஏறத்தாழ 60 ஆண்டுகளாக உயர்ந்துள்ளது. இருதய அறுவை சிகிச்சையும் ஏனைய மருத்துவ வசதிகளும் இதற்குப் பெரிதும் துணை புரிந்தன. ஆகவே, இவர்களுட் பலர் தம் பெற்றோரின் காலத்திற்குப் பின்னும் வாழ்வர். அவர்களோடு நெடுந்தொலைவு உடன் வரும் உறவு உடன்பிறந்தாரின் உறவே.

மற்றொரு மாற்றத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்து லயங்களில் ஆயாக் கொட்டகையும், பக்கத்து வீட்டுப் பாட்டியும், மளிகைக் கடைக்காரரும் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்திருந்தனர். வழிதவறிச் சென்ற பிள்ளையை யாரேனும் கைப்பிடித்து வீடு கொண்டுவந்து சேர்த்துவிடுவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பல இடங்களுக்குச் சிதறிய பின்னர், அந்த நூறு கண்களின் காவல் இல்லாது போயிற்று. ஐந்தாம் மாடியில் கதவைச் சாத்திய பின், முன்பு ஒரு லயமே சுமந்த பொறுப்பை ஒரே குடும்பம், பல வேளைகளில் ஒரே பெண், சுமக்க வேண்டியதாகிறது.

சிறு வயதில் நிகழ்வன

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குச் செல்கின்றனர். பன்னிரண்டு வயது மகள், ஒன்பது வயதுத் தம்பியைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிய பின்னரே பள்ளிக்குப் புறப்படுகிறாள். அவன் உடல்நலமின்றி இருக்கும் நாளில் அவள் பள்ளிக்குப் போவதில்லை. அவள் நல்ல பிள்ளை என்று எல்லாரும் போற்றுகின்றனர். ஆனால், அவளுடைய தேர்ச்சி குறைந்துகொண்டே வருவதை யாரும் கவனிப்பதில்லை.

இத்தகைய பிள்ளைகளின் உள்ளத்தில் அன்பும் இருக்கும். பிறர் பார்க்கின்றனரே என்னும் கூச்சமும், தனக்கென நேரம் இல்லையே என்னும் சினமும், அவ்வாறு சினந்ததற்காகக் குற்ற உணர்வும் இருக்கும். இவை இயல்பானவை. பெற்றோர் இவற்றைக் கடிந்துகொள்ளாமல் செவிசாய்த்துக் கேட்டல் வேண்டும். தம்பிக்கு இருப்பது என்ன குறை என்பதைச் சிறு வயதிலேயே எளிய சொற்களில் உண்மையாகக் கூறிவிட வேண்டும். மறைத்தால் பிள்ளைகள் தாமே காரணத்தைக் கற்பனை செய்துகொள்வர். தம்மால்தான் இது நேர்ந்ததோ என்று அஞ்சுவோரும் உண்டு. சிறு உதவிகளைக் கேட்பதில் தவறில்லை. உடன்பிறந்தாருக்காகப் பள்ளியை நிறுத்தச் சொல்வதே தவறு. வாரத்தில் சில மணி நேரமாவது அந்த மகளுக்கென்றே தாயும் தந்தையும் ஒதுக்குவார்களாக.

திருமணப் பேச்சில் எழும் அச்சம்

பெண் பார்க்க வருவோர், "வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதாமே" என்று தயங்குவதும், அதற்கஞ்சிப் பெற்றோர் அப்பிள்ளையை உள்ளறையில் மறைப்பதும் நம்மிடையே நாம் அறிந்தவையே. மருத்துவ உண்மை இவ்வச்சத்தைப் பெரிதும் போக்கக்கூடியது. டவுன் நோய்க்குறியுடையோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு அது பரம்பரையாக வந்ததன்று. கருத்தரிக்கும் நிலையில் தற்செயலாக நேர்ந்ததாகும். பிறக்கும்போது நேர்ந்த மூளைப் பாதிப்பும் பரம்பரையாகத் தொடர்வதன்று. எனினும், சில வகைக் குறைபாடுகள் பரம்பரையில் வரக்கூடியவை. ஆதலால், ஊகத்தை நம்பாமல், திருமணத்திற்கு முன் அரசாங்க மருத்துவமனையில் மரபியல் ஆலோசனை பெறுவது நன்று. மணமகன் வீட்டாரிடம் உண்மையை முன்னரே கூறிவிட வேண்டும். பின்னாளில் தம்பியைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் எண்ணம் அப்பெண்ணுக்கு உண்டாயின், அதையும் மணப்பேச்சின்போதே கூறுவது சாலச் சிறந்தது.

பயிற்சி அளிக்கும் முறை

எந்தச் செயலையும் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டும். சட்டை அணிவதை எடுத்துக்கொள்வோம். முதலில் எல்லாப் படிகளையும் நாமே செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவரிடம் விடலாம். அது கைவந்தபின் கடைசி இரண்டு பொத்தான்கள்; பிறகு மூன்று. இவ்வாறு பின்னிருந்து முன்னே செல்வதால், ஒவ்வொரு முறையும் தாமே செய்து முடித்தோம் என்னும் மகிழ்ச்சி அவருக்குக் கிட்டுகிறது. உடனே பாராட்டுங்கள். பத்து நிமிடப் பயிற்சி நாள்தோறும் நடப்பது, வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட மேலானது.

முப்பது வயதானவரைப் "பாப்பா" என்று அழைப்பதையும், அவர் முன்னிலையிலேயே அவர் குறையைப் பேசுவதையும் விட்டொழிக்க வேண்டும். இரண்டு சட்டைகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்பதும் மரியாதையே. தம் உடலைப் பிறர் தொடலாகாத இடங்களையும், "வேண்டாம்" என்று உரக்கச் சொல்வதையும், உடனே வீட்டாரிடம் கூறுவதையும் கட்டாயம் கற்பிக்க வேண்டும். களைக்கொல்லி, மண்ணெண்ணெய் போன்றவற்றைப் பூட்டி வைப்பதும் இன்றியமையாதது.

அணுக வேண்டிய இடங்கள்

முதலாவதாக, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். இவை இல்லாதோர் தேசியப் பதிவு இலாகாவை உடனே நாடுவார்களாக. அடுத்து, மருத்துவ அதிகாரியின் சான்றுடன் சமூக நல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம் அறிவுத்திறன் குறையுடையோரையும் உள்ளடக்கியது. பதிவில் இவர்கள் "கற்றல் குறைபாடு" என்னும் பிரிவில் அடங்குவர். பதிவுக்குக் கட்டணம் இல்லை. அதன்பின் கிடைக்கும் ஓகேயு அட்டையே ஏனைய உதவிகளுக்குத் திறவுகோல். உதவித்தொகைகளின் அளவும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் மாறுவதால், மாவட்ட அலுவலகத்திலேயே நேரில் கேட்டறிவது நலம்.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குச் சாதாரணப் பள்ளிகளிலேயே ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகள் உண்டு. குறையைக் காரணங்காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளி வயது கடந்தோர்க்குப் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் உள்ளன. 1984ஆம் ஆண்டில் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் தொடங்கப்பெற்ற இத்திட்டம் பின்னர் நாடெங்கும் பரவியது. பகலில் சில மணி நேரம் அங்கே பயிற்சி நடக்குமாயின், வீட்டிலிருக்கும் அக்காளுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

பெற்றோர் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

1. குடும்பம் முழுவதும் ஒருமுறையேனும் கூடிப் பேச வேண்டும். ஒருவர் உடன் வைத்துக்கொள்ள, மற்றொருவர் மாதச் செலவில் பங்கேற்க, வேறொருவர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளலாம். திருமணமாகாத மகள் என்பதற்காக அவள்மீதே முழுச் சுமையையும் ஏற்றுவது நீதியாகாது. குறையுடைய பிள்ளையையும் அக்கூட்டத்தில் அமர்த்தி, அவர் விருப்பத்தையும் கேட்பீர்களாக.

2. ஒரு குறிப்பேடு வேண்டும். உண்ணும் மருந்துகள், ஒவ்வாத உணவு, அஞ்சும் பொருள்கள், அவரை அமைதிப்படுத்தும் வழி, அவருக்கே உரிய சொற்களின் பொருள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். தாய்க்கு மட்டும் தெரிந்தவை தாயோடு மறைந்துவிடலாகாது.

3. பண ஏற்பாட்டை வாய்மொழியாக விடாதீர்கள். ஊழியர் சேமநிதியில் மூத்த மகனை வாரிசாக நியமித்து, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று கூறிச் செல்வோர் பலர். முஸ்லிம் அல்லாதோரைப் பொறுத்தவரை, அப்பணம் நியமிக்கப்பட்டவருக்கே சட்டப்படி உரியதாகும். அவரும் இறந்துவிட்டாலோ கடன்பட்டாலோ தம்பிக்குக் கேட்க உரிமை இராது. உயில் எழுதி, அமானா ராயா போன்ற நம்பகப் பொறுப்பு நிறுவனத்தின் மூலம் மாதந்தோறும் செலவுக்குப் பணம் கிடைக்க வழி செய்யலாம். பெர்கேசோ திட்டத்தில், தம்மைத் தாமே பேண இயலாத பிள்ளைக்கு 21 வயதுக்குப் பின்னும் வாரிசு ஓய்வூதியம் தொடர இடமுண்டு என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

4. 18 வயது நிறைந்தவர் சட்டப்படி வயது வந்தவராவார். அவருடைய சொத்தை நிர்வகிக்க வேறொருவருக்கு அதிகாரம் தேவைப்படின், 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உறவினர் உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். மூளை வளர்ச்சி நிறைவுறாத நிலையும் அச்சட்டத்தின் விளக்கத்தில் அடங்கும்.

காப்பவரையும் காப்போம்

உடன்பிறந்தாரைப் பேணுவோர்க்கும் உறக்கமும், ஓய்வும், நண்பர்களும் வேண்டும். அண்ணன் தம்பியர் மாதம் ஒரு நாளாவது வந்து பொறுப்பை ஏற்று, அக்காளை வெளியே சென்றுவர விடுவார்களாக. அண்டை வீட்டார், கோயில் நிருவாகத்தினர், இளைஞர் மன்றத்தினர் ஆகியோரும் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இவர்களை அழைக்கலாம். பொறுப்பை ஏற்க உண்மையிலேயே இயலாத உடன்பிறந்தாரும் இருப்பர். அவர்களைப் பழிப்பதை விட்டு, அவர்களால் இயன்ற சிறு பங்கைக் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை.

இவ்விதழைப் படித்து முடித்ததும், உங்கள் இல்லத்தில் இத்தகைய பிள்ளை இருப்பின், ஓகேயு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பேட்டின் முதற்பக்கத்தை இன்றிரவே எழுதுங்கள். மற்ற பிள்ளைகளை அருகில் அமர்த்தி, "உன் மனத்தில் உள்ளதைச் சொல்" என்று கேளுங்கள்.